ருவா ஓடையின் கீழ்வளைவு

ருவா ஓடையில் படகு விட வேண்டுமென்றால் மழை பெய்துகொண்டிருக்கும்போதே வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். மழை விட்டபின் கிளம்புகிறவனுக்குக் கல்தான் மிஞ்சும். மலையுச்சியில் கொட்டிய தண்ணீர் ஒரே மூச்சில் சரிந்து, தேயிலைச் சாயம் போலச் சிவந்து வந்து ஏரியில் விழுந்துவிடும். நீளமென்று பார்த்தால் ஒரு மைல்கூடத் தேறாது. அந்த ஒரு மைலுக்குள் பாறையும் பள்ளமுமாக அது இறங்குகிற இறக்கத்தைப் பார்த்தால், புத்தியுள்ளவர்கள் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறிப் போய்விடுவார்கள்.

கில்வாரன் ஊரில் அப்படிப் போய்விடாதவர்கள் மூன்று பேர். இஷ்பெல், டூகல், ஃபின்லே. மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பள்ளிக்கூட நீச்சல் குளத்தில் குளோரின் வாடையோடு ஒன்றாகத்தான் கயாக் என்கிற ஒற்றையாள் படகில் உட்காரவும், கவிழ்ந்தால் துடுப்பால் புரட்டி எழவும் கற்றுக்கொண்டார்கள். வளர்ந்தபின் ஃபின்லே படகுத்துறையில் வேலைக்குப் போனான். கார்களை ஏற்றிக்கொண்டு ஏரியைக் கடக்கும் பெரிய படகில் கயிறு கட்டும் வேலை. இஷ்பெலும் டூகலும் காட்டு வேலைக்குப் போனார்கள். மலைச்சரிவு முழுக்க வரிசையாக நட்டு வளர்த்த ஊசியிலை மரங்களை மெஷின் ரம்பத்தால் அறுத்துச் சாய்க்கும் வேலை. அதில் தனியாக யாரையும் விடமாட்டார்கள். ஜோடி ஜோடியாகத்தான் அனுப்புவார்கள். பதினேழு வருடம் அவர்கள் இருவரும் ஒரு ஜோடி. காட்டிலும் அப்படித்தான், தண்ணீரிலும் அப்படித்தான். ஊர் முதலில் வேறு மாதிரி பேசிப் பார்த்தது. டூகல் மருந்துக்கடை ரோனாவைக் கட்டிக்கொண்டபின் அந்தப் பேச்சும் ஓய்ந்தது.

இஷ்பெல் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துபோன அப்பா ஹெக்டரோடு இருந்தாள். பேச்சுக் குறைவு. எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற குணம். டூகல் நேர் எதிர். ஒல்லி ஆள், பெரிய காது, வாய் ஓயாது. மரம் சாய்கிற சத்தத்துக்கு மேலும் அவன் குரல் கேட்கும்.

ரோனாவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். மகள் மிர்ரன் பிறந்தபோது புருசனிடம் ஒரு சத்தியம் வாங்கினாள். ஓடைக்குப் போகாதே என்று சொன்னால் நடக்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால், எந்த இறக்கமானாலும் படகை விட்டு இறங்கி, கரையோடு நடந்து போய்க் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்றாள். தொட்டிலில் கிடந்த பிள்ளையின் தலையில் கைவைத்து டூகல் சத்தியம் செய்தான். அதை அவனே காட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான்.

மிர்ரனுக்கு ஏழு வயதாகியிருந்த வருடம், நவம்பர் மாதம். புதன்கிழமை ஒரு பெருங்காற்று அடித்தது. ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை. மூவரும் ஆளுக்கொரு படகைத் தோளில் சுமந்துகொண்டு, சேறும் காய்ந்த பெரணியும் மிதித்து, ஓடையின் தலைமாட்டுக்கு ஏறினார்கள். ஏறும் பாதை மேல் இறக்கங்களை ஒட்டித்தான் போகும், கீழ்வளைவு அதிலிருந்து தெரியாது.

"கீழ்வளைவு வரைக்கும் போய் ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாமா?" என்றாள் இஷ்பெல்.

"போன ஞாயித்துக்கிழமைதானடி எறங்குனோம்," என்றான் டூகல்.

"காத்து அதுக்கப்புறம்ல அடிச்சுது. நம்ம காட்டுலயே எவ்வளவு மரம் சாஞ்சு கெடக்கு பாத்தேல்ல?"

"மழ விட்டுடுச்சு. நடந்து போய்ப் பாத்துட்டு வர்றதுக்குள்ள தண்ணி வடிஞ்சுடும். அப்புறம் மூணு பேரும் கல்லு மேல ஒக்காந்து சாண்ட்விச் திங்க வேண்டியதுதான். டேய் ஃபின்லே, நீ சொல்லு."

"நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணுங்க," என்றான் ஃபின்லே. "எனக்குக் காலு வெறச்சுப்போச்சு. எதுவா இருந்தாலும் சீக்கிரம் பண்ணுங்க."

"ரோனாகிட்ட சத்தியம் பண்ணிருக்கே," என்றாள் இஷ்பெல்.

"ஏறி வரும்போதே மேல இருக்கறதெல்லாம் பாத்துட்டேன்ல? கீழ்வளைவு ஒரு எறக்கமாடி? எங்க அம்மா வீட்டு மாடிப்படி அத விட மோசம்."

அவன் ஏற்கெனவே படகில் உட்கார்ந்து, இடுப்பைச் சுற்றிய ரப்பர் துணியைப் படகின் விளிம்பில் மாட்டத் தொடங்கியிருந்தான். இஷ்பெலும் தன் படகில் ஏறினாள்.

மேல் இறக்கங்கள் நன்றாகவே போயின. முதல் வீழ்ச்சியில் படகின் மூக்கு அடித்தண்ணீரில் குத்தி மேலே வந்தது. இரண்டாவதில் பாறை இடுக்கு. துடுப்பை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு நழுவ வேண்டும். எப்போதும் டூகல்தான் முன்னால் போவான். இறங்கி முடித்ததும் துடுப்பைத் தலைக்கு மேல் நிமிர்த்திக் காட்டுவான். அதைப் பார்த்துவிட்டு அடுத்த ஆள் இறங்க வேண்டும். கீழ்வளைவுக்கு மேலே, ஒரு பெரிய பாறையின் பின்னால் தண்ணீர் அசையாமல் நிற்கும் ஒதுக்கு ஒன்று உண்டு. அதில் இஷ்பெலும் ஃபின்லேயும் காத்திருந்தார்கள். டூகல் வளைவில் திரும்பி மறைந்தான்.

துடுப்பு எழவில்லை.

இஷ்பெல் விசிலை ஊதினாள். பதில் விசில் இல்லை. படகைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு, கயிற்றுப் பையை எடுத்துக்கொண்டு, வழுக்குப் பாறையில் விழுந்தும் எழுந்தும் ஓடினாள்.

ஓடையின் குறுக்கே ஊசியிலை மரம் ஒன்று கிடந்தது. இடக்கரையில் வேர் பெயர்ந்து, தலை வலக்கரைப் பாறையில் முட்டிக்கொண்டு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலாக. டூகலின் சிவப்புப் படகு அதற்கடியில் மூக்கை நுழைத்து, நடுவில் மடிந்து கிடந்தது. அவன் மார்பு மரத்தின் மேல் சாய்ந்திருந்தது. ஓடையின் மொத்தத் தண்ணீரும் அவன் முதுகில் ஏறி, தோளுக்கு மேல் வழிந்துகொண்டிருந்தது.

ஃபின்லே கயிற்றின் ஒரு முனையைக் கரையிலிருந்த பிர்ச் மரத்தில் கட்டினான். மறு முனையைத் தன் மிதவைச் சட்டையின் முதுகு வாரில் மாட்டிக்கொண்டு இஷ்பெல் மரத்தின் மேல் தவழ்ந்து போனாள். குப்புறப் படுத்து, டூகலின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கிப் பிடித்தாள். முகத்தோடு முகம் ஒட்டுகிற தூரம்.

"காலு மாட்டிக்கிச்சு," என்றான் அவன். "ரெண்டும்."

"இழுத்துப் பாரு."

"இழுத்தாச்சு. படகு மடிஞ்சு புடிச்சிருக்கு." மூச்சு வாங்கினான். "ரோனாகிட்ட பாக்காம எறங்குனேன்னு மட்டும் சொல்லிடாத. கொன்னுடுவா."

"வாய மூடு."

"சொல்லாத."

"சொல்லல. மூச்ச விடு. என்னையே பாரு."

அறுக்கும் மெஷின் கீழே சாலையோரம் நின்ற வண்டியில் இருந்தது. ஃபின்லே அதை எடுக்க ஓடினான். அந்தப் பள்ளத்தாக்கில் போன் எடுக்காது. சாலையில் வந்த முதல் காரை மறித்து, ஊருக்குப் போய் மீட்புக் குழுவைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, மெஷினைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தான். எவ்வளவு நேரம் ஆனது என்று பின்னாளில் போலீஸ் கேட்டபோது இஷ்பெலால் சொல்ல முடியவில்லை. முதலில் டூகல் பேசிக்கொண்டிருந்தான். அப்புறம் அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். அப்புறம் அதுவும் நின்றது. உதடு நீலமாகிவிட்டது. படகு மெல்ல மெல்ல அடியில் இறங்கி அவனையும் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. தாடைக்கு வந்த தண்ணீர் வாய்க்கு வந்தது. அவள் தூக்கத் தூக்க அது ஏறியது. கைகள் அவளுக்குத் தன் கைகளாகத் தெரியவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது அவனுக்கு. அவளைப் பார்க்கிறதா என்று தெரியவில்லை.

ஃபின்லே மெஷினோடு வந்து கரையில் நின்றான். அவன் ஆயுசில் அதைத் தொட்டதில்லை. அந்த மரமோ தண்ணீரின் பாரத்தில் வில்லாக வளைந்து நின்றது. தெரியாதவன் தப்பான பக்கம் அறுத்தால் ரம்பம் நடுவில் சிக்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் மரம் தெறித்து ஆளை அடிக்கும்.

"நீ வந்து இவனப் புடி," என்று கத்தினாள் இஷ்பெல். "மரம் போகும்போது நீயும் கூடப் போவ. கயிறு உன்னப் புடிக்கும். என்ன ஆனாலும் இவன விட்றாத."

"விடமாட்டேன்."

கயிற்றை ஃபின்லேயின் வாரில் மாற்றி மாட்டி ஆள் மாறும்போது டூகலின் தலை தண்ணீருக்குள் போய் வந்தது. அதை இருவரும் பார்த்தார்கள். பின்னால் ஒரு நாளும் அதைப் பற்றி அவர்கள் பேசியதில்லை.

இஷ்பெல் இடக்கரை ஓரம் இடுப்பளவு தண்ணீரில் நின்று மெஷினைச் சுண்டிக் கிளப்பினாள். வளைவின் உட்பக்கம் கொஞ்சம் அறுத்து, வெளிப்பக்கம் ரம்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னவிட்டாள். பத்தாயிரம் மரம் அறுத்த கைதான். மரம் முனகியது, வாய் பிளந்தது, அப்புறம் ஒரேயடியாக ஒடிந்து கீழே போனது. டூகல், படகு, ஃபின்லே எல்லோரும் ஒரு சேரத் தண்ணீருக்குள் மறைந்தார்கள். கயிறு இறுகி ஃபின்லேயைக் கரைப்பக்கம் வீசியது. அவன் இரண்டு விரல் ஒடிந்திருந்தது. ஆனாலும் டூகலின் தோள்வாரை அவன் விடவில்லை.

டூகலைப் படகிலிருந்து உருவி, கூழாங்கல் மேட்டில் கிடத்தி இருவரும் மாறி மாறி மார்பை அமுக்கினார்கள், மூச்சு ஊதினார்கள். மேகம் இறங்கியிருந்ததால் ஹெலிகாப்டர் வரவில்லை. மீட்புக் குழு நடந்து வந்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் யாரும் நிறுத்தவில்லை. அங்கே போய்த்தான் நிறுத்தினார்கள்.

ரோனா கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே வந்திருந்தாள். காலில் தோட்டத்து ரப்பர் பூட்ஸ். ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சில் இஷ்பெலும் ஃபின்லேயும் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். அவள் நேராக வந்து இஷ்பெலின் முன்னால் நின்றாள்.

"மரம் கெடந்தது பாக்கலியா நீங்க?"

இஷ்பெல் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"எறங்கிப் போய்ப் பாக்கல?"

"இல்ல."

"அவன் எனக்குச் சத்தியம் பண்ணிருக்கான். புள்ள மேல சத்தியம். அவன் பாக்காம எறங்க மாட்டான்." அவள் குரல் ஏறவே இல்லை. "யாரு வேணாம்னு சொன்னது?"

ஃபின்லே நிமிர்ந்தான். அவன் வாய் திறக்குமுன் இஷ்பெல் சொன்னாள்.

"நான்தான்."

ரோனா ஒரு எட்டு நெருங்கி வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று ஃபின்லே நினைத்தான். அவள் திரும்பி, புருசன் கிடந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"என்னடி பண்ணிட்ட?" என்றான் ஃபின்லே.

"நீ வாயத் தெறக்காத."

"பொய்டி அது."

"செத்தவன் மேல அவ கோபப்படணுமா? புள்ள மேல சத்தியம் பண்ணிட்டு ஏமாத்திட்டான்னு தெனம் நெனைக்கணுமா? ஒனக்குப் புண்ணியமாப் போகும், வாயத் தெறக்காத."

போலீஸ் விசாரித்தது. விபத்து என்று எழுதிக்கொண்டது. யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை.

அடக்கத்தன்று சவப்பெட்டியைக் குழியில் இறக்க எட்டுக் கயிறு. எந்தக் கயிறு யாருக்கு என்று வீட்டார்தான் பெயர் சொல்வார்கள். டூகலின் அண்ணன், மாமனார், காட்டு வேலை ஆட்கள், ஃபின்லே. இஷ்பெலின் பெயர் இல்லை. ஃபின்லே கட்டுப் போட்ட கையோடு வந்து, "என்னோடத நீ புடி," என்று காதில் சொன்னான். அவள் மாட்டேன் என்று தலையசைத்துவிட்டு, மதிலோரம் மழையில் நின்று பார்த்தாள். பிறகு ஓட்டலில் சூப்பும் சாண்ட்விச்சும் விஸ்கியும் கொடுத்தார்கள். அவள் அங்கே போகவில்லை.

கில்வாரன் சின்ன ஊர். அவள் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நிற்கும். வெளியே வந்தால் தொடங்கும். முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காட்டில் அவளோடு ஜோடி சேர உள்ளூர் ஆள் யாரும் முன்வரவில்லை. வெளியூரிலிருந்து புதிதாக வந்தவர்களைச் சேர்த்துவிட்டார்கள். வந்தவர்களும் ஒரு மாதத்தில் கதையைக் கேட்டுக்கொண்டு வேறு ஜோடி தேடிப் போனார்கள்.

வீட்டில் ஹெக்டர் மட்டும் நம்பவில்லை.

"நீ சொல்லிருக்க மாட்ட," என்றார் ஒரு நாள், உருளைக்கிழங்கை ஒற்றைக் கையால் மசித்துக்கொண்டே.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பால் வாங்கப் போனாக்கூட அடுப்ப அணைச்சோமான்னு திரும்பி வந்து பாக்கறவ நீ. நீயா பாக்க வேணாம்னு சொன்ன?"

"விடுங்கப்பா."

"நான் விட்டுட்டேன். நீதான் கட்டிட்டு அழற."

ஒரு தடவை, நல்ல மழையில், பள்ளிப் பேருந்தைத் தவறவிட்டு மிர்ரன் சாலையோரம் நின்றிருந்தாள். பத்து வயதிருக்கும். இஷ்பெல் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

"ஏறிக்கோ கண்ணு. வீட்டு வாசல்ல எறக்கி விட்டுடறேன். உள்ள வரல."

"ஒங்க வண்டியில ஏறக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க."

"மழ கொட்டுதே."

"பரவால்ல."

அந்தப் பெண் அப்பனைப் போலவே பெரிய காதுகளோடு, நனைந்த பையை மார்போடு பிடித்துக்கொண்டு, நேரே பார்த்து நின்றாள். கொஞ்ச தூரம் தள்ளி வண்டியை நிறுத்தி, வேறு யாராவது அவளை ஏற்றிக்கொள்கிறார்களா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் இஷ்பெல் நகர்ந்தாள்.

எட்டு வருடம் இப்படியே போனது. உண்மை வெளியே வந்தது படகுத்துறையில். ரோனா பல் வைத்தியத்துக்காக அக்கரைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள். படகின் தளத்தில் ஃபின்லேயைப் பார்த்ததும் வழக்கம்போல நின்று பேசினாள். பேச்சுவாக்கில், "இஷ்பெல் புது வண்டி வாங்கிருக்காளாமே," என்றாள். "நல்லாத்தான் இருக்கா. கொன்னவளுக்கு ஒரு கொறையும் இல்ல."

ஃபின்லே கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டான்.

"அவ இல்ல, ரோனா," என்றான். "அவ பாக்கணும்னுதான் சொன்னா. உன் புருசன்தான் வேணாம்னான். நான் பக்கத்துலயே நின்னுட்டிருந்தேன்."

மறுநாள் காலை ரோனாவின் சின்னக் கார் காட்டுப் பாதையில் ஏறி வந்தது. உள்ளே வரக் கூடாது என்ற பலகையைத் தாண்டி, சேற்றில் சறுக்கி, மரக்குவியலருகே நின்றது. இஷ்பெல் மெஷினை அணைத்தாள். ஹெல்மெட்டின் முகவலையைத் தூக்கினாள். ரோனாவின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

"டூகல்தான் சொல்லாதேன்னு சொன்னானா?" என்றாள் ரோனா.

இஷ்பெல் மெஷினைக் கீழே வைத்தாள்.

"சொல்லிருப்பான். அவன் குணம் எனக்குத் தெரியாதா?" அவள் கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். "எனக்கு நல்லது பண்ணினதா நெனச்சுக்கிட்டியா நீ?"

"அப்போ அப்படித்தான் தோணுச்சு."

"எட்டு வருசமா தப்பான ஆள வெறுத்துட்டு இருந்திருக்கேன். தெனம் காலைல எழுந்ததும் ஒன்ன சபிப்பேன். சாமி கும்பிடற மாதிரி. அவன் படத்துக்குப் பூ வச்சேன். அவன் என்ன ஏமாத்திட்டுப் போனான்னு தெரிஞ்சிருந்தா படத்தத் தூக்கிப் போட்டு ஒடச்சிருப்பேன். நாலு நாள் திட்டிருப்பேன். அப்புறம் அழுதிருப்பேன். எல்லாம் முடிஞ்சு போயிருக்கும். அதுக்கு விட்டியா நீ?"

"தப்புதான்."

"அவன் என் புருசன். அவன் மேல கோபப்படற பாத்தியத என்னுது. ஒன்னுது இல்ல."

"தப்புதான், ரோனா."

"ஒன்ன மன்னிக்கணும்னு வரல நான். மன்னிப்புக் கேக்கவும் வரல. என்ன பண்றதுன்னே தெரியல." சுற்றிலும் கிடந்த அடிமரங்களைப் பார்த்தாள். "அவனுக்கு வலிச்சுதா?"

இஷ்பெல் யோசித்துச் சொன்னாள். "மொதல்ல வலிச்சுது. அப்புறம் குளிரு. கடைசில ஒண்ணும் தெரியல அவனுக்கு."

"இது நெஜமா? இல்ல இதுவும் எனக்காகவா?"

"நெஜம்."

ரோனா அதை நம்பினாளா என்பது தெரியாது. காரைத் திருப்ப இடமில்லாமல் பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு இறங்கினாள்.

அவள் ஒரு காரியம் செய்தாள். அந்த வாரமே கடையில் நாலு பேர் நிற்கும்போது, உரக்க, நடந்ததை நடந்தபடி சொன்னாள். அதன்பின் ஊர் இஷ்பெலோடு பேசத் தொடங்கியது. ஒருத்தி கேக் செய்து கொண்டுவந்து கொடுத்தாள். காட்டில் ஜோடி சேர ஆள் கிடைத்தது. இஷ்பெலுக்கு அது பெரிதாக ருசிக்கவில்லை. நாலு வார்த்தை பேசியதும் அவளுக்கு வீட்டுக்குப் போக வேண்டும்போல இருக்கும். ரோனா தெருவில் பார்த்தால் தலையசைப்பாள். அதற்குமேல் இல்லை. மிர்ரன் அதுவும் செய்யமாட்டாள். ஏழு வயதிலிருந்து ஒருத்தியை வெறுத்துப் பழகிய பெண், அம்மா ஒரு நாள் வந்து அது தப்பு என்றால் அந்த வெறுப்பை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

அடுத்த மாரியில், ஹெக்டர் போய்ச் சேர்ந்தபின், ஃபின்லே ஒரு நாள் மழையோடு வந்து கதவைத் தட்டினான்.

"ருவாவுல தண்ணி வந்திருக்கு," என்றான்.

"அதுக்கு?"

"ஒண்ணுமில்ல. சொல்லணும்னு தோணுச்சு."

அவள் கொட்டகைக்குள் போய்ப் படகை இறக்கினாள். சிலந்திவலையைத் துடைத்தாள். கழுத்து ரப்பர் இறுகிப்போயிருந்த பழைய நீர்புகா உடையை மாட்டினாள். இருவரும் சேற்றில் ஏறினார்கள். ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்னாலும் படகை விட்டு இறங்கி, கரையோடு நடந்து, பார்த்து, திரும்பி வந்து, இறங்கினார்கள். அவசரப்படவில்லை. கீழ்வளைவுக்கு வரும்போது மழை விட்டு நேரமாகியிருந்தது. வளைவில் மரம் எதுவும் இல்லை. தண்ணீரும் இல்லை. மிச்சமிருந்தது பாறைகளின் நடுவே கணுக்கால் ஆழத்துக்குச் சலசலத்துக்கொண்டிருந்தது. படகின் அடி கல்லில் உரசி நின்றுவிட்டது.

"முடிக்க முடியாது," என்றான் ஃபின்லே.

"ஆமா."

இறங்கிப் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு சாலைக்கு நடந்தார்கள். அவளுக்கு அழுகை வரும் என்று அவன் எதிர்பார்த்தான். வரவில்லை. கை விறைத்திருந்தது, பசித்தது, அவ்வளவுதான். வண்டியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஆறிப்போன டீயைக் குடித்தார்கள்.

அதற்கப்புறம் அவள் படகில் உட்காரவில்லை. யாராவது கேட்டால் தோள்வலி என்பாள். தோள்வலி இருக்கத்தான் செய்தது.